சிவப்புக் கேலிப்பரும் நான்கு எலுமிச்சம்பழமும்

எங்கள் தாமான் குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவில் அடிக்கடி ஒரு கேள்வி வரும். "அங்கிள், கேலிப்பருக்கு என்னா கலர் போட்டா நல்லாருக்கும்?" கூடவே ஒரு படம். சக்கரத்தின் இடைவெளிகளில் சிவப்பாகவோ மஞ்சளாகவோ ஏதோ மின்னும். எந்த இடத்தில் பெயிண்ட் படக்கூடாது என்று இதுவரை ஒருத்தர்கூடக் கேட்டதில்லை. நான் பதில் போட்டால் நீளமாக இருக்கிறதாம். கட்டைவிரல் படம் ஒன்றைப் போட்டுவிட்டு அடுத்த பேச்சுக்குப் போய்விடுகிறார்கள். ஆகவே எல்லாவற்றையும் இங்கே எழுதிவிடுகிறேன். அங்கிள் சொல்லவே இல்லையே என்று நாளைக்கு யாரும் என் வீட்டு வாசலில் வந்து நிற்கக்கூடாது.

தெரியாதவர்களுக்காக முதலில் ஒன்று. காரின் முன்சக்கரத்துக்கு உள்ளே ஓர் இரும்புத் தட்டு சுற்றுகிறது. அதுதான் டிஸ்க். நாம் பிரேக்கை மிதித்ததும் அந்தத் தட்டை இரண்டு பக்கமும் பேட் வைத்து இறுக்கிப் பிடிக்கிற இரும்புக் கை ஒன்று இருக்கிறது. அதுதான் கேலிப்பர். உங்கள் பெண்டாட்டி பிள்ளைகள் முன் வண்டியின் பின்னால் போய் மோதாமல் வீடு வந்து சேர்வது அந்தக் கையால்தான். அதைப் போய் நகப்பூச்சு மாதிரி நினைத்தால் எனக்கு எரிச்சல் வராதா?

எனக்குப் படிப்பு ஏறவில்லை. படிவம் இரண்டோடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டுவிட்டேன். அப்பா கிள்ளானில் ஒரு பிரேக் பட்டறையில் கொண்டுபோய் விட்டார். முதல் சில வருடங்கள் கழுவுகிற வேலைதான். அழுக்குக் கேலிப்பர் வரும், சுத்தமான கேலிப்பர் போகும். பிறகு பழைய கேலிப்பரைப் பிரித்து, பிஸ்டன் ரப்பர் மாற்றி, துருவெடுத்து, பெயிண்ட் அடித்து, புதிது மாதிரி ஆக்கிக் கொடுக்கிற மேசை என் மேசையானது. ஓய்வு பெறும்வரை அதே மேசைதான். வேறு மேசை கேட்கவும் இல்லை. புது இடம் என்றால் எனக்குப் பயம்.

பட்டறையை நடத்தியது முதலாளியின் மனைவி. சீன அம்மா. தவுக்கேசோ, அதாவது முதலாளியம்மா, என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். எஸ்டேட் பக்கம் பிறந்து வளர்ந்ததால் நம் மொழி நன்றாக வரும், அவரது பாணியில். என்னை ஏன் பிரேக்கில் போட்டார் என்று ஒருநாள் கேட்டேன்.

"நீ பயம் ஆளு லா. பூட்டு பூட்டினியான்னு மூணு வாட்டி பாக்குற ஆளு. பிரேக்குக்கு பயம் ஆளுதான் நல்லது. தைரியம் ஆளெல்லாம் எஞ்சின் போகட்டும்" என்றார்.

பாராட்டா திட்டா என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

தவுக்கேசோ ஒரு வண்டியை எப்படிச் சோதிப்பார் என்பதைச் சொல்லியாக வேண்டும். கணக்கு மேசையிலிருந்து எழுந்து வருவார். செருப்பை வெளியே விட்டுவிட்டு வெறுங்காலோடு ஓட்டுநர் இருக்கையில் உட்காருவார். ஒருமுறை பிரேக்கை மிதிப்பார். அப்புறம் காலை எடுத்துவிட்டு, கண்ணாடியை இறக்கி எங்களோடு கதை பேசுவார். பாசாரில் மீன் நன்றாக இல்லை என்பார். மகள் வீட்டு நாய் குட்டி போட்டிருக்கிறது என்பார். நாங்கள் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்போம். பேச்சு நடுவிலேயே திடீரென்று இரண்டாவது முறை மிதிப்பார். அப்போது பெடல் முதலில் நின்ற அதே உயரத்தில் நிற்க வேண்டும். அரை விரல் கீழே போனாலும் ஒன்றும் சொல்லாமல் இறங்கி, செருப்பை மாட்டிக்கொண்டு போய்விடுவார். வண்டியை மறுபடியும் தூக்க வேண்டியது எங்கள் பாடு.

"விடாம பம்ப் பண்ணினா எந்த பிரேக்கும் மேலதான் வரும். ரோட்ல எவன் பம்ப் பண்ணிட்டே போறான்? காலை எடு, கதை பேசு, அப்புறம் மிதி" என்பார்.

வீட்டில் பெயிண்ட் அடித்துவிட்டு வருகிற வண்டிகள் அந்தக் காலத்திலேயே வரத் தொடங்கிவிட்டன. செந்தூலிலிருந்து ஒருவர் வந்தார். முன்சக்கரத்தில் புகை. கேலிப்பருக்குக் கெட்டியாக மஞ்சள் அடித்திருந்தார். பேட்டின் இரண்டு காதுகளும் ஒரு பள்ளத்தில் உட்கார்ந்து முன்னும் பின்னும் வழுக்க வேண்டும். அந்தப் பள்ளத்துக்குள்ளும் மஞ்சள். பேட் சிக்கிக்கொண்டு, காலை எடுத்த பிறகும் டிஸ்க்கை உரசிக்கொண்டே வந்திருக்கிறது. "டூ கோட் போட்டேன் பாஸ், நல்ல பெயிண்ட்" என்றார் பெருமையாக. தவுக்கேசோ அவர் கையைப் பிடித்து இழுத்து, சக்கரத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். தொடவில்லை. பக்கத்தில்தான். மனிதர் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். "இந்த சூட்டோட கெந்திங் மலை எறங்கிப் பாரு" என்றார் தவுக்கேசோ. அதற்குமேல் அவருக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

சரி, அடித்தே தீருவேன் என்கிறவர்கள் இதையாவது கேளுங்கள். வண்டியை ஜாக்கில் மட்டும் நம்பி விடாதீர்கள், ஸ்டாண்ட் கொடுங்கள். கேலிப்பரைக் கழற்றினால் ரப்பர் ஹோஸில் தொங்கவிடாதீர்கள். கம்பி போட்டு ஸ்பிரிங்கில் கட்டுங்கள். மண்ணெண்ணெய், டீசல் என்று கையில் கிடைத்ததை ஊற்றிக் கழுவாதீர்கள், ரப்பர் ஊதிப்போகும். பிரேக் கிளீனர் என்றே விற்கிறார்கள். பிஸ்டனைச் சுற்றியுள்ள ரப்பர், ஹோஸ், வழுக்கும் பின், பேட் உட்காரும் பள்ளம், காற்று எடுக்கும் நிப்பிள், இவை எல்லாவற்றுக்கும் டேப் ஒட்டுங்கள். சூடு தாங்கும் பெயிண்டை மெல்லிசாக அடித்து, காயவிட்டு, மறுபடியும் மெல்லிசாக அடியுங்கள். எல்லாவற்றையும்விட முக்கியமாக, ஹோஸைக் கழற்றாதீர்கள். பிரேக் எண்ணெய் போகிற அந்தக் குழாயில் காற்று புகுந்தால் பிரேக் பிடிக்காது. "கழட்டி மேசைமேல வச்சு அடிச்சா ஈஸிதானே அங்கிள்?" ஈஸிதான். என் தங்கை வீட்டுக்காரர் ஜெகனும் அதைத்தான் சொன்னார்.

என் தங்கை பரிமளா ஷா ஆலமில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்கிறாள். இத்தனை வருடமாகத் தொழிற்சாலை பஸ்ஸில் போய்வந்தவள், பஸ் நின்றுபோனதால், இந்த வயதில் லைசென்ஸ் எடுத்தாள். அவளுக்காக ஒரு பழைய கார் வாங்கினார்கள். ஜெகன் கேட்டரிங் வேலை செய்பவர். கலகலப்பான மனிதர். ஐந்நூறு பேருக்கு பிரியாணி கிண்டுகிற கை, எதையும் செய்யலாம் என்ற நம்பிக்கை அந்தக் கைக்கு உண்டு. வீடியோ ஒன்றைப் பார்த்தார். பழைய கார் புதுசு மாதிரி தெரிய வேண்டும் என்று, வண்டி பூஜைக்கு முன்னால் முன்சக்கரக் கேலிப்பர் இரண்டையும் கழற்றிக் கொண்டுவந்து, சாப்பாட்டு மேசையில் பேப்பர் விரித்துச் சிவப்பு அடித்துவிட்டார். எனக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொன்னால் நான் பயமுறுத்துவேனாம்.

பூஜை அன்று போனேன். நம்மவர்கள் வீட்டில் வண்டி பூஜை எப்படி நடக்கும் என்று உங்களுக்குத் தெரியும். கழுவி, மாலை போட்டு, சந்தனம் குங்குமம் வைத்து, நான்கு சக்கரத்துக்கும் முன்னால் எலுமிச்சம்பழம் வைப்பார்கள். தீபாராதனை முடிந்ததும் வண்டி அந்தப் பழங்களை நசுக்கிக்கொண்டு முன்னால் போக வேண்டும். கழுவிச் சுத்தம் செய்த பிறகு, முதல் நகர்வு அதுவாகத்தான் இருக்க வேண்டும். அதற்கு முன் வண்டியை நகர்த்த மாட்டார்கள்.

இங்கேதான் கோளாறு. இன்ஜின் ரிப்பேர் செய்த வண்டி என்றால் பாதகமில்லை. பிரேக்கைப் பிரித்துப்போட்ட வண்டியை ஓட்டிப் பார்க்காமல், அதன் முதல் ஓட்டத்தையே ஆட்களை முன்னால் நிற்கவைத்து நடத்துவது உலகத்தில் நாம் மட்டும்தான் என்று நினைக்கிறேன்.

வரிசை வீடு. கார் ரோட்டைப் பார்த்து நிற்கிறது. போர்ச் தரை கேட் பக்கமாகச் சரிவு. கேட்டுக்கு அப்பால் லோங்காங் என்கிற சாக்கடை, அதன்மேல் சின்ன சிமெண்ட் பாலம். பரிமளா காருக்கு நேர் முன்னால், கேட்டை ஒட்டி, ஆரத்தித் தட்டோடு நின்றுகொண்டிருந்தாள். பக்கத்தில் குருக்கள் மணியோடு. ஜெகன் கையில் சாவி.

"வாங்க மச்சான், கரெக்டா வந்துட்டீங்க. சக்கரத்தைப் பாருங்க, எப்படி?"

பார்த்தேன். சிவப்பாக, பளபளவென்று இருந்தது. உண்மையைச் சொன்னால் நன்றாகவே அடித்திருந்தார்.

"நல்லாருக்கு மாப்பிள்ளை. ஹோஸைக் கழட்டினீங்களா?"

"கழட்டாம எப்படி? எல்லாம் திரும்ப மாட்டி, எண்ணெய் ஊத்தி, காத்து எடுத்தாச்சு. உங்க தங்கச்சிதான் பெடல் மிதிச்சா. கல்லு மாதிரி வந்துருச்சு."

"ஓட்டிப் பாத்தீங்களா?"

"பூஜை போடாம எப்படி மச்சான் ஓட்டுறது?"

"நான் ஒருதரம் உள்ள உட்காந்து மிதிச்சுப் பாக்குறேன்" என்றேன்.

"அலாமாக் மச்சான், நல்ல நேரம் முடியப்போவுது. குருக்கள் இன்னும் ரெண்டு வீட்டுக்குப் போகணும். நான் பழத்து மேல ஏத்தி எறக்கிடுறேன், அப்புறம் நீங்க என்னா வேணா பாருங்க."

"அவ முன்னால நிக்கிறாளே."

"பிரேக் இருக்குல்ல."

இந்தப் பதிலை என்னவென்று சொல்வது! நான் கேட்பதே அது இருக்கிறதா என்றுதான். குருக்களைப் பார்த்தேன். அவர் வானத்தைப் பார்த்தார். நான் காரின் முன்னால் போய்ப் பரிமளா பக்கத்தில் நின்றுகொண்டேன். "ஏத்துங்க. எங்க ரெண்டு பேரையும் சேத்து ஏத்துங்க" என்றேன். கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. எதிர்வீட்டு மலாய்க்கார அம்மா துணி காயப்போடுவதை விட்டுவிட்டுப் பார்த்தார்.

"பாத்தீங்களா, நல்ல நாள்ல இவரு பேசுற பேச்சை!" என்று ஜெகன் குருக்களிடம் முறையிட்டார்.

பரிமளா தட்டை என் கையில் கொடுத்தாள். "வண்டி எம் பேர்லதானே இருக்கு. நான் உட்காந்து மிதிக்கிறேன். நகத்த வேணாம்ல சாமி?" என்றாள்.

"நகத்தாம உட்காரலாம். அதுல தோஷம் கிடையாது. ஆனா சீக்கிரம்மா" என்றார் குருக்கள்.

உட்கார்ந்தாள். விடாமல் மிதித்தாள். "மேல வருதுண்ணே. கெட்டியாதான் இருக்கு."

"பாத்தீங்களா!" என்றார் ஜெகன்.

"காலை எடு. எடுத்துட்டு சும்மா இரு" என்றேன். என்ன கதை பேசுவது என்று தெரியவில்லை. மத்தியானத்துக்கு என்ன சமையல் என்று கேட்டேன். சாம்பார், கூட்டு, பாயாசம் என்றாள். "இப்ப மிதி. ஒரே ஒரு தரம்."

மிதித்தாள். அவள் முகம் மாறியதைக் கண்ணாடி வழியாகப் பார்த்தேன்.

"அண்ணே, தரை வரைக்கும் போவுது."

கேட் பக்கம் திரும்பிப் பார்த்தேன். அவள் நின்ற இடத்துக்கும் காரின் மூக்குக்கும் நடுவே ஓர் ஆள் படுக்கக்கூட இடம் போதாது. கையிலிருந்த ஆரத்தித் தட்டை ஓரமாக வைத்தேன்.

ஹேண்ட்பிரேக்கை நன்றாக இழுத்துவிடச் சொன்னேன். அது பின்சக்கரத்துக்குத் தனி கேபிளில் போவதால் பிழைத்தோம். குனிந்து, கைபேசி வெளிச்சத்தைச் சக்கரத்துக்குள் அடித்தேன். சிவப்புக்கு நடுவே நிப்பிள் தெரிந்தது. கீழே தெரிந்தது. மறுபக்கம் போய்ப் பார்த்தேன். அங்கேயும் கீழே.

வலதைக் கொண்டுபோய் இடதில் மாட்டியிருக்கிறார், இடதை வலதில். காற்று எப்போதும் மேலே போய்த்தான் உட்காரும். அதனால்தான் அதைச் செய்தவன் நிப்பிளை மேலே வைத்திருக்கிறான். இரண்டையும் மாற்றி மாட்டினால் நிப்பிள் கீழே வந்துவிடும். அப்புறம் நாள் முழுக்கக் காற்று எடுத்தாலும் எண்ணெய்தான் வெளியே வரும். காற்று மேலே சொகுசாக உட்கார்ந்திருக்கும். விடாமல் பம்ப் செய்தால் அந்தக் காற்றும் நசுங்கி, பெடல் கெட்டியானது மாதிரி ஏமாற்றும்.

"இருக்கவே இருக்காது மச்சான். அதது இருந்த பக்கம்தான் மாட்டினேன்" என்றார் ஜெகன்.

"எது எந்தப் பக்கம்னு எதை வச்சுப் பாத்தீங்க?"

பார்த்ததும் தெரிந்துபோகிற விஷயமா இது? காய்ந்த பிறகு சாப்பாட்டு மேசையில் இரண்டும் ஒரே மாதிரிதான் கிடந்திருக்கும். வார்ப்பு இரும்பிலேயே பக்கத்தைக் காட்டும் எழுத்து இருந்தது. அதன்மேல் சிவப்பு மெத்தை மாதிரி மூடிவிட்டது. சட்டைப் பையிலிருந்த வீட்டுச் சாவியை எடுத்து, சக்கர இடைவெளிக்குள் கையை விட்டு, இடது பக்கக் கேலிப்பரைச் சுரண்டினேன்.

"ஐயோ மச்சான், பெயிண்ட்!"

சுரண்டச் சுரண்ட வலது பக்கத்துக்கான எழுத்து வெளியே வந்தது. ஜெகன் குனிந்து பார்த்தார். நிமிர்ந்து பரிமளா நின்றிருந்த இடத்தைப் பார்த்தார்.

ஆனால் நல்ல நேரம் நமக்காக நிற்குமா? குருக்கள் இடுப்பில் செருகியிருந்த கைபேசியைப் பார்த்தார். "இப்ப என்ன பண்றதா உத்தேசம்? பழம் நசுங்காம பூஜை முடிஞ்சதா நான் சொல்ல முடியாது."

"மெதுவா தள்ளிடலாமா? நான் முன்னால நின்னு புடிச்சுக்கிறேன்" என்றார் ஜெகன். இவரை என்ன செய்ய! காரை முன்னால் நின்று பிடிக்கிறாராம்.

"சாமி, வண்டி பழத்து மேல போகணுமா, இல்ல பழம் சக்கரத்துக்குக் கீழ நசுங்கணுமா?" என்று கேட்டேன்.

குருக்கள் யோசித்தார். "நசுங்கணும். அதான் முக்கியம்."

ஜாக் போர்ச்சிலேயே இருந்தது. ஒவ்வொரு சக்கரமாகத் தூக்கினேன். மற்ற சக்கரங்களுக்குச் செங்கல் அணை கொடுத்தேன். பரிமளா பழத்தை எடுத்துச் சக்கரத்துக்கு நேர் கீழே வைத்தாள். குருக்கள் மணி அடித்தார். நான் ஜாக்கை இறக்கினேன். பழம் மெல்ல அமுங்கி, தோல் வெடித்து, சாறு சிமெண்ட் தரையில் ஓடியது. பிறகு அடுத்த சக்கரம். ஒவ்வொரு தடவையும் மணி, ஒவ்வொரு தடவையும் கற்பூரம். வாழ்நாளில் இப்படி ஒரு பூஜையைச் செய்ததில்லை என்று குருக்கள் சிரித்துவிட்டார். எதிர்வீட்டு அம்மா இதை வீடியோ எடுத்தார். எங்கெங்கே போய்க்கொண்டிருக்கிறதோ, யார் கண்டது.

சாப்பிட்ட பிறகு கேலிப்பர் இரண்டையும் கழற்றி, பக்கம் மாற்றி மாட்டினேன். ஹோஸ் போல்ட்டுக்குப் புதுச் செம்பு வளையம் வேண்டும் என்று ஜெகனைக் கடைக்கு விரட்டினேன். நிப்பிள் மேலே வந்தது. பரிமளா மிதிக்க, நான் காற்று எடுத்தேன். குமிழி குமிழியாக வந்தது, சோடா பாட்டிலைத் திறந்த மாதிரி. பிறகு குமிழி நின்று, சுத்தமான எண்ணெய் வந்தது. அவள் காலை எடுத்துவிட்டுக் காத்திருந்து மிதித்தாள். பெடல் அசையவில்லை. தாமானுக்குள்ளேயே இரண்டு சுற்று ஓட்டினாள். பக்கத்தில் நான் உட்கார்ந்திருந்தேன். ஒவ்வொரு முனையிலும் வண்டி சரியாக நின்றது.

நாங்கள் இறங்கியதும் ஜெகன் என்ன செய்தார் தெரியுமா? நேராகப் போய்ச் சக்கரத்துக்குள் எட்டிப் பார்த்தார்.

"எல்லாம் சரி மச்சான். ஆனா சாவியால இவ்ளோ சுரண்டியிருக்க வேணாம். அந்த எடம் மட்டும் அசிங்கமா தெரியுது. டச்சப் பண்ணிக் குடுத்துட்டுப் போங்களேன்."

காலையிலிருந்து நான் கத்தியதில் அவர் மனதில் நின்றது அந்தக் கீறல்தான். நடக்காமல் போன விபத்துக்கு அடையாளம் எதுவும் இருப்பதில்லை. கீறல் மட்டும்தான் கண்ணுக்குத் தெரிகிறது. பிரேக் வேலை செய்கிறவனின் பிழைப்பு இவ்வளவுதான். தொழில் முழுக்க நான் கண்டது இதைத்தான்.

பரிமளாதான் பதில் சொன்னாள். "அந்த எடத்துல யாரும் கை வைக்கக்கூடாது. எழுத்து தெரியணும்." அத்தோடு உள்ளே போய்விட்டாள்.

இப்போது அவள் தினமும் அந்தக் காரில்தான் வேலைக்குப் போகிறாள். போய்ச் சேர்ந்ததும் எனக்கு ஒரு மெசேஜ் போடச் சொல்லியிருக்கிறேன். அது வரும்வரை எனக்குக் காலைத் தேநீர் இறங்காது. நேற்று மெசேஜ் வரவில்லை, போன் வந்தது. அவளுக்கு லீவாம்.

"அண்ணே, இவரு ஜாக்கைத் தூக்கிக்கிட்டு பின்சக்கரத்துக்கிட்ட உட்காந்திருக்காரு. முன்னாடி மட்டும் செவப்பா இருக்கு, பின்னாடி கருப்பா இருக்கு, செட்டா இல்லையாம்."

"எதையும் கழட்டிட்டாரா?"

"இன்னும் இல்ல. நான் ஸ்பேனரை எல்லாம் எடுத்து அரிசி டிரம்முக்குள்ள போட்டு மூடிட்டேன். தேடிக்கிட்டு இருக்காரு."

பின்னால் ஜெகனின் குரல் கேட்டது. "பரிமளா, பன்னிரண்டு நம்பர் ஸ்பேனர் பாத்தியா?"

"பாக்கலையே!" என்று கத்திவிட்டு, குரலைத் தாழ்த்தி என்னிடம் சொன்னாள்: "நீங்க பதட்டப்படாம மெதுவா வாங்கண்ணே. வர்ற வரைக்கும் நான் டிரம் மேலதான் உட்காந்திருப்பேன்."